மலக்குடல் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு: பை, தாகம், சாப்பாடு, ஊசி பத்திக் கொஞ்சம் சொல்லுங்க

குண்டாறு:

வணக்கம். செங்கோட்டை பக்கம் நாங்க. அப்பாவுக்கு 63 வயசு, எடை 58 கிலோ. மலக்குடல்ல கட்டி. திருவனந்தபுரத்துல ஆபரேஷன் முடிஞ்சு போன வாரக் கடைசியில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். கட்டி இருந்த பகுதியை எடுத்துட்டுக் குடலைச் சேர்த்துத் தைச்சிருக்காங்க. அந்தத் தையல் ஆறுற வரைக்கும் சிறுகுடலை வலது பக்கம் வெளிய எடுத்து பை மாட்டியிருக்கு. கொஞ்ச மாசம் கழிச்சுத் திரும்ப உள்ள வச்சுடுவாங்களாம்.

பையில வர்றது தண்ணியா இருக்கு, சீக்கிரம் நிறைஞ்சிடுது. நிறைய தண்ணி, ரெண்டு வேளை இளநீர், பார்லித் தண்ணி எல்லாம் குடுக்கோம். அப்படியும் நாக்கு வறளுதுங்கிறார், எந்திரிச்சா தலை சுத்துது. பையைச் சுத்தித் தோல் செவந்து எரியுது, ஒட்டினது ஒரு நாள் கூட நிக்க மாட்டேங்குது. தினமும் வயித்துல போடச் சொல்லி ஊசி குடுத்திருக்காங்க, அதை யார் எப்படிப் போடறது? நேத்து ஆசனவாய் வழியா சளி மாதிரி கொஞ்சம் வந்ததும் எல்லாருக்கும் பயம். என்ன சாப்பாடு குடுக்கலாம்ங்கிறதும் தெரியலை. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுறார்.

கல்லடை (ஸ்டோமா நர்சிங்):

தம்பி, நீங்க கேட்டதுல முதல்ல பார்க்க வேண்டியது தாகமும் தலைசுத்தலும்தான். மத்ததெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம்.

சிறுகுடல்ல இருந்து நேரா வெளிய வர்ற தண்ணியில உப்பு அதிகம். ஒரு லிட்டர் பையில போச்சுன்னா ஏறக்குறைய 6 கிராம் உப்பு உடம்பை விட்டுப் போகுது. சாதாரணமா அந்தத் தண்ணியையும் உப்பையும் பெருங்குடல் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் குடுக்கும். இப்ப அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. இந்த நிலையில வெறும் தண்ணி நிறையக் குடிச்சா, குடல் தன்னோட உப்பை அந்தத் தண்ணியில விட்டு சமப்படுத்தப் பார்க்கும். குடிச்ச தண்ணி உப்பையும் இழுத்துக்கிட்டுப் பைக்கே வந்துடும். தாகம் கூடும், இன்னும் குடிப்பார், இன்னும் போகும். இளநீரும் அதே கதைதான். அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. கிட்னி சோர்ந்திருக்கும்போது அந்தப் பொட்டாசியமே வினையாகும். இப்போதைக்கு இளநீரை நிறுத்துங்க. பார்லியும் வேண்டாம்.

அதுக்குப் பதிலா ஓஆர்எஸ், அதாவது உப்பும் சர்க்கரையும் அளவாக் கலந்த பொடி. மருந்துக்கடையில 21 கிராம் பாக்கெட் வாங்குங்க. ஒரு பாக்கெட் முழுசும் ஒரு லிட்டர் தண்ணிக்கு. பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல போட்டுக் குடுக்கிறது, இனிப்பு பத்தலைன்னு சர்க்கரை சேர்க்கிறது ரெண்டும் கூடாது. சர்க்கரை கூடினாலும் பையில தண்ணியாப் போகும். பழச்சுவையில வர்ற அட்டை டப்பா பானங்கள் அதுக்கு ஈடில்லை. ராத்திரி பாக்கெட் கிடைக்கலைன்னா, கொதிக்க வச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில சமமா வழிச்ச டீஸ்பூனால 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு இதுக்கு மேல வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸை வாய் வாயா குடிக்கட்டும். காப்பி, டீ, மோர், வெறும் தண்ணி எல்லாம் சேர்த்து இன்னொரு லிட்டருக்குள்ள நிக்கட்டும். சாப்பிடும்போது தண்ணி வேண்டாம், அரை மணி நேரம் விட்டுக் குடிக்கட்டும். இதயக் கோளாறோ கிட்னிக் கோளாறோ ஏற்கெனவே இருந்தா இந்தக் கணக்கை டாக்டர்கிட்ட கேட்டுத்தான் வைக்கணும்.

அடுத்தது அளவு. 'நிறைய போகுது'ன்னு போன்ல சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒண்ணு இதுக்குன்னே ஒதுக்குங்க. ஒவ்வொரு தடவையும் பையை அதுல வடிச்சு, நேரத்தோட நோட்டுல எழுதுங்க. மூத்திரத்துக்குத் தனி ஜக். காலையில 6 மணியில இருந்து மறுநாள் 6 மணி வரைக்கும் கூட்டிப் பாருங்க. பையில 500 முதல் 1000 மில்லி, கஞ்சிப் பதத்துல வந்தா நல்லது. 1500 தாண்டினா ஆஸ்பத்திரிக்குச் சொல்லியே ஆகணும். மூத்திரம் நாளைக்கு ஒரு லிட்டர் கிட்ட இருக்கணும். அடர் மஞ்சளா கொஞ்சமா போனா உடம்பு காயுதுன்னு அர்த்தம்.

ஆசனவாய் வழியா வந்த சளிக்குப் பயப்பட வேண்டாம். கீழ் குடல் சும்மா இருந்தாலும் சளி சுரந்துக்கிட்டேதான் இருக்கும். முக்காம நாளைக்கு ஒரு தடவை கக்கூஸ்ல உட்கார்ந்து வந்தா வரட்டும்னு விட்டா போதும். ஆனா சீழ் நாத்தம், ரத்தம், 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், அடிவயித்துலயோ முதுகோட அடிப்பக்கமோ புது வலின்னு வந்தா உள்ள போட்ட தையல்ல கசிவு இருக்கலாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி.

மேக்கரை:

ஆடி மாசம் வருது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல மூலிகை போட்டுக் கர்க்கடகக் கஞ்சி குடிப்பாங்கல்ல, அந்தக் கிட் வாங்கிக் காய்ச்சிக் குடுங்க. ஆபரேஷன் ஆன உடம்பு சீக்கிரம் தேறும். பை ஒட்டுற இடத்துல தேங்காய் எண்ணெயில மஞ்சளைக் குழைச்சுத் தடவினா எரிச்சல் போயிடும்.

கல்லடை (ஸ்டோமா நர்சிங்):

அண்ணே, நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, ஆனா ரெண்டும் வேண்டாம். மருந்துக் கஞ்சியில வெந்தயம் ஊறிப் பெருகும், கூட என்னென்ன மூலிகைங்கிறது கிட்டுக்குக் கிட்டு மாறும். சில மூலிகை பேதியாக்கும். அடுத்து கீமோ இருந்தா ஈரலுக்கும் சேர்த்து யோசிக்கணும். எண்ணெய் பட்ட தோல்ல எந்தப் பசையும் ஒட்டாது. அங்க எரியறதுக்குக் காரணம் சூடு இல்லை. சிறுகுடல்ல இருந்து வர்ற செரிமான நீர் சோத்தைக் கரைக்கிற மாதிரியே தோலையும் கரைக்குது. அது தோல்ல படாம தடுக்கிறது ஒண்ணுதான் வைத்தியம்.

தம்பி, பை ஒரு நாள் கூட நிக்கலைன்னா முதல்ல தோல்ல ஒட்டுற தகட்டுல வெட்டின ஓட்டையோட அளவைப் பாருங்க. ஆபரேஷன் ஆன புதுசுல குடல்வாய் (வெளிய எடுத்து வச்சிருக்கிற குடல் முனை, ஸ்டோமாம்பாங்க) வீங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துல சுருங்கும். ஆஸ்பத்திரியில வெட்டிக் குடுத்த அதே அளவுக்கே வீட்டுலயும் வெட்டிக்கிட்டிருந்தா, சுத்தி வெறும் தோல் தெரியும், அங்கதான் புண்ணாகும். பெட்டிக்குள்ள வட்டம் வட்டமா ஓட்டை போட்ட அளவு அட்டை ஒண்ணு இருக்கும். வாரம் ஒரு தடவை வச்சுப் பார்த்து, குடல்வாயை விட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெருசா வெட்டுங்க. குடல்வாய் நேர் வட்டமா இல்லைன்னா அந்த வடிவத்துக்கே வரைஞ்சு வெட்டணும். வெட்டின விளிம்பை விரலால நீவி விடுங்க, கரடு குத்தக் கூடாது.

மாத்த நல்ல நேரம் விடிகாலை, காப்பி கூடக் குடிக்கிறதுக்கு முந்தி. அப்பத்தான் வரத்து கம்மி. பழைய தகட்டைப் பிய்ச்சு இழுக்காதீங்க. ஒரு கையால தோலை அழுத்திக்கிட்டு, மேல இருந்து கீழ, ஈரத் துணியை விளிம்புல வச்சு வச்சுக் கழட்டுங்க. கழட்டினதும் பின்பக்கத்தைப் பாருங்க. எந்த இடத்துல பசை கரைஞ்சு, குடல்ல இருந்து வர்றது உள்ள புகுந்திருக்கோ, அங்கதான் கசிவு. பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ, உட்காரும்போது மடிப்பு விழுற இடமோதான் இருக்கும். அந்த மடிப்புல ஸ்டோமா பேஸ்ட் வச்சுப் பள்ளத்தை நிரவணும். பேஸ்ட் பள்ளத்தை அடைக்க மட்டும்தான். பசைன்னு நினைச்சுத் தகடு முழுக்க அப்பினா வழுக்கிக்கிட்டு வந்துடும்.

வெதுவெதுப்பான தண்ணியும் பழைய பருத்தித் துணியும் போதும். டெட்டால், வாசனை சோப்பு, குழந்தைத் துடைப்பான், முகப்பவுடர் எதுவும் வேண்டாம். துடைக்கும்போது குடல்வாயில ஒரு பொட்டு ரத்தம் கசிஞ்சா பயமில்லை, உதட்டு உட்புறம் மாதிரி மெல்லிய தோல் அது. நிறமும் அப்படியே ஈரமா, செவப்பா இருக்கணும். கருஞ்செவப்பு, நீலம், கறுப்புன்னு மாறினா அந்த நிமிஷமே கிளம்பணும். முடி இருந்தா கத்தரியால ஒட்ட வெட்டுங்க, பிளேடு போடாதீங்க.

தோல் ஈரமாப் புண்ணாகி இருந்தா ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தை ஊதித் தட்டிடுங்க. ஈரமான இடத்துல மட்டும் அது பிடிச்சு நிக்கும். நல்லா காஞ்ச பிறகு தகட்டை ஒட்டி, உள்ளங்கையை மேல வச்சு ரெண்டு மூணு நிமிஷம் லேசா அழுத்திப் பிடிங்க. உடம்புச் சூட்டுலதான் பசை இளகிப் பிடிக்கும். சாரல் அடிச்சு ஊரே ஈரமா இருக்கிற சமயத்துல இந்தப் படியை விட்டாத்தான் நிறைய பேருக்குக் கழண்டுடுது. மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதும் வடிச்சிடுங்க, கனம் இழுத்தா தகடு தூக்கும். சரியாப் பொருந்தினா மூணு, நாலு நாள் நிக்கும். கசிஞ்சா மேல பிளாஸ்திரி போட்டு ஒட்டாதீங்க. கசிஞ்ச தகட்டுக்குள்ள தோல் வெந்துக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க: அரைஞாண் கயிறு. பை அடியில அது அழுத்திக்கிட்டிருந்தா எத்தனை தகடு மாத்தினாலும் ஓரம் தூக்கும். கழட்டிடச் சொல்லுங்க, மனசு கேட்கலைன்னா கையில கட்டிக்கட்டும். வேட்டி முடிச்சும் குடல்வாய்க்கு மேல விழக் கூடாது, இடது பக்கமாச் செருகிக்கலாம்.

சாரல்_பார்மசி:

ஊசியைப் பத்தி யாரும் சொல்லலை. குடுத்திருக்கிறது எனாக்ஸபரின் 40 மி.கி. நிரப்பின சிரிஞ்சாத்தான் இருக்கும். வயித்துல பெரிய புற்றுநோய் ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையாம இருக்க, ஆபரேஷன்ல இருந்து மொத்தம் 28 நாள் போடறது வழக்கம். நல்லா நடக்கிறார்னு நடுவுல நிறுத்திடக் கூடாது.

வீட்டுல யார் வேணாலும் போடலாம். தினமும் ஒரே நேரம். தொப்புள்ல இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, தையலுக்கும் பைக்கும் எட்ட, இடது பக்கம் போடுங்க. இடம் பத்தலைன்னா தொடையோட வெளிப்பக்கம் ஆகுமான்னு கேட்டுக்கோங்க. சிரிஞ்சுல இருக்கிற காத்துக் குமிழை வெளிய தள்ளாதீங்க, தள்ளினா மருந்தும் சேர்ந்து போயிடும். தோலை மடிப்பா கிள்ளிப் பிடிச்சு ஊசியை நேராக் குத்தி, மெதுவா முழுசும் செலுத்தி, வெளிய எடுத்த பிறகுதான் மடிப்பை விடணும். தேய்க்கக் கூடாது, தேய்ச்சாத்தான் பெருசா ரத்தம் கட்டும். ஊசியை மூடி இறுக்கமா இருக்கிற கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுல போடுங்க.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

இப்ப முக்கியமானது. அண்ணே, அப்பாவோட சுகர், பிரஷர் மாத்திரை பேர் என்ன?

குண்டாறு:

மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை. பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை காலையில ஒண்ணு. கல்லடை அக்கா சொன்னபடி நேத்துக் காலையில இருந்து அளந்தோம். பை 1850, மூத்திரம் 550. வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை.

சாரல்_பார்மசி:

நாளைக்குன்னு வைக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரி வார்டு நம்பருக்குப் போன் பண்ணுங்க. அந்தப் பிரஷர் மாத்திரையில பாதி, மூத்திரத்தைக் கூட்டி உப்பை வெளியேத்துற மருந்து. மீதிப் பாதி, உடம்பு வத்தியிருக்கும்போது கிட்னியைச் சிரமப்படுத்துற வகை. மெட்ஃபார்மின் தன்னாலயே பேதியைக் கூட்டும், கிட்னி சோர்ந்தா உடம்புல தேங்கும். எனாக்ஸபரினும் கிட்னி வழியாத்தான் வெளியேறுது, கிட்னி வேலை குறைஞ்சா ரத்தக் கசிவு வரலாம். ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டிருக்கு. எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா 'இன்னிக்கு இந்த மாத்திரைகளைக் குடுக்கலாமா, வேண்டாமா'ன்னு நேரடியாக் கேளுங்க. கேட்டாத்தான் சொல்லுவாங்க. பிரஷர் மெஷின் இருந்தா உட்கார்ந்தும் நின்னும் பார்த்துச் சொல்லுங்க.

சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டுறது), மெக்னீசியம் நாலும் இன்னிக்கே பார்த்துடணும். தென்காசியில லேப்ல குடுத்து ரிசல்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பலாம். பையில போறதைக் குறைக்கிற லோபராமைட் 2 மி.கி. மாத்திரையை அவங்க எழுதிக் குடுத்தா, சாப்பாட்டுக்கு அரை மணி முந்தி குடுக்கணும், சாப்பிட்ட பிறகு குடுத்தா பலன் குறையும். கிருமித் தொற்று இல்லைன்னு பார்த்துட்டுத்தான் அதை ஆரம்பிப்பாங்க, அதனால நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

வலிக்கு பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு சரி. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் பக்கமே போகாதீங்க. புது மருந்து எது வாங்கினாலும் பை இருக்குன்னு கடையில சொல்லுங்க. மெதுவாக் கரையுற வகை மாத்திரைகள் கரையாம முழுசா பையில வந்து விழும். சுகர் மாத்திரையிலயும் அந்த வகை உண்டு.

மூத்திரம் ஆறு மணி நேரமா இல்லை, இல்லைன்னா ஆள் குழப்பமாப் பேசுறார், நிக்க வச்சா விழப் பார்க்கிறார்னா திருவனந்தபுரம் கிளம்பிடாதீங்க. ஆரியங்காவு, தென்மலைன்னு மலைப்பாதையில நூறு கிலோமீட்டருக்கு மேல. 108-ஐக் கூப்பிட்டுத் தென்காசி அரசு மருத்துவமனையில முதல்ல சலைன் ஏத்தட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில வச்சுக்கோங்க.

பண்பொழி_டயட்:

சாப்பாடு நான் சொல்றேன். முதல் ஆறு வாரம் நார் கம்மி, உப்பு தாராளம், கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. பிரஷர் இருக்கேன்னு உப்பைக் குறைக்கிற வழக்கம் பை இருக்கிற வரைக்கும் செல்லாது. இதையும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேரளா மட்டை அரிசி இப்ப வேண்டாம், தவிடு அதிகம். வெள்ளைப் பச்சரிசியைக் குழைய வேக வச்சு, உப்புப் போட்ட கெட்டிக் கஞ்சி. கஞ்சித் தண்ணியை மட்டும் இறுத்துக் குடுக்காதீங்க, சோத்தோட கெட்டியா இருந்தாத்தான் பையில வர்றது இறுகும். இட்லி, இடியாப்பம், ரொட்டி, சவ்வரிசி, தோல் சீவி மசிச்ச உருளைக்கிழங்கு எல்லாம் இறுக்கும். மரச்சீனிக் கிழங்கும் நல்லது, நடுவுல ஓடுற நாரை உருவிட்டு மசிச்சுக் குடுங்க. நேந்திரம் பழத்தை ஆவியில வேக வச்சு, நடுவுல கறுப்பு விதையோட இருக்கிற நரம்பை எடுத்துட்டுக் குடுக்கலாம். சுகர் இருக்கிறதால ஒரு நேரத்துக்கு அரைப் பழம் போதும்.

புண் ஆறணும்னா புரதம் வேணும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் கணக்குல அப்பாவுக்கு நாளைக்கு 70 முதல் 87 கிராம். இதைக் கஞ்சியும் ரசமும் குடுக்காது. ஒரு முட்டையில 6 கிராம்தான். ரெண்டு முழு முட்டை, கூட ரெண்டு வெள்ளைக்கரு, முள் எடுத்த மீன் 150 கிராம், கெட்டித் தயிர் ரெண்டு கப், மசிச்ச பாசிப்பருப்பு ஒரு கப்னு வச்சாத்தான் பக்கத்துல வரும். 'ஆபரேஷன் ஆன உடம்பு, கவிச்சி ஆகாது'ன்னு வீட்டுப் பெரியவங்க தடுப்பாங்க. தையல் சீழ் பிடிக்கும்னு மீனை நிறுத்துறதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. மசாலாவும் எண்ணெயும் குறைச்சு அயிலையோ சாளையோ குழம்பா வைங்க. முள்ளு கவனம்.

அடைக்கிற சாமான்கள்: பலாச்சுளை, அன்னாசி, தேங்காய்ச் சில்லு, நிலக்கடலை, சோளம், காளான், முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையோட தோல், மாங்காய்த் தோல், பாக்கு. அவியலுக்குத் துருவின தேங்காய்க்குப் பதிலா தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டுக்கலாம். குடல்வாய் வயித்துச் சுவரைத் தாண்டி வர்ற இடம் குறுகல். நார் பந்தாத் திரண்டா அங்க நிக்கும். நாலு, அஞ்சு மணி நேரமா பையில ஒண்ணுமே வரலை, வயிறு விட்டு விட்டு முறுக்குது, குமட்டுதுன்னா திட உணவை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. வாந்தியும் சேர்ந்தா நேரா ஆஸ்பத்திரி. அந்த நேரத்துல பேதி மருந்தோ விளக்கெண்ணெயோ குடுத்தா குடல் கிழியக்கூட வாய்ப்பிருக்கு. பீட்ரூட் சாப்பிட்டா பையில செவப்பா வரும், அது ரத்தம் இல்லை.

ஆறு வாரம் தாண்டினதும் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு புதுப் பொருளைக் கொஞ்சமாச் சேர்த்துப் பாருங்க. பல்லு இல்லைன்னா முதல்ல அதைச் சொல்லுங்க, மெல்லாம முழுங்கறதாலயும் அடைப்பு வரும்.

குண்டாறு:

போன்ல பேசினோம். பிரஷர் மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்கச் சொல்லி, தென்காசியில சேர்த்து சலைன் ஏத்தச் சொன்னாங்க. சோடியம் 128, குறைஞ்சிருக்கு. கிரியேட்டினின் 1.6, கூடியிருக்கு. இப்ப ஆஸ்பத்திரியில இருந்துதான் எழுதறேன். மூத்திரம் போக ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வாரம் திருவனந்தபுரத்துல தையல் பிரிக்கணும், கார்ல போகணும், அதுக்கு எதாவது?

கல்லடை (ஸ்டோமா நர்சிங்):

சரியான நேரத்துல போயிருக்கீங்க. வீட்டுக்கு வந்த பிறகும் அளக்கிறதை நிறுத்தாதீங்க. 1200-க்குக் கீழ ஒரு வாரம் நிலையா நின்ன பிறகு விட்டுவிட்டு அளக்கலாம்.

தையல்ல செவப்பு பரவுறது, சூடு, சீழ் தெரிஞ்சா முன்னாடியே காட்டுங்க. திடீர்னு ரோஸ் நிறத் தண்ணி துணி நனையற அளவுக்குக் கொட்டினா உள்தையல் விட்டிருக்குன்னு அர்த்தம். சுத்தமான ஈரத்துணியால மூடிப் படுக்க வச்சு அப்படியே கூட்டிட்டுப் போங்க. இருமும்போது தலையணையை வயித்தோட சேர்த்துப் பிடிக்கட்டும். படுக்கையில இருந்து நேரா எந்திரிக்காம ஒருக்களிச்சு, காலைக் கீழ இறக்கி, கையை ஊனி எழும்பட்டும். ஆறு வாரத்துக்கு 4 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர், ரப்பர்ப்பால் வாளி எல்லாம் இதுல சேரும். பை இருக்கிறவங்களுக்குக் குடலிறக்கம் சுலபமா வந்துடும். நடை மட்டும் விடக் கூடாது. தலைசுத்தல் நின்ன பிறகு அஞ்சு நிமிஷம், நாளைக்கு நாலஞ்சு தடவை, வீட்டுத் திண்ணையிலயே போதும்.

கார்ல கிளம்புறதுக்கு முந்தி பையை வடிச்சிடுங்க. சீட் பெல்ட் குடல்வாய் மேல அழுத்தினா நடுவுல சின்னத் துண்டை மடிச்சு வைங்க. பெல்ட் போடாம விட்டுடாதீங்க. வீட்டுலயே அளவா வெட்டின ரெண்டு தகடு, ரெண்டு பை, துணி, தண்ணி பாட்டில், பழைய பேப்பர், கறுப்புக் கவர் ஒரு சின்னப் பையில. அதைக் கையோட இறக்கிட்டுப் போங்க. வெயில்ல நிக்கிற கார்ல விட்டா தகட்டுப் பசை உருகி, அவசரத்துக்கு ஒட்டாது.

சாரல்_பார்மசி:

நாலு டெஸ்ட்ல மெக்னீசியம் எவ்வளவுன்னு போடலையே, பார்த்தாங்களா? குறைஞ்சிருந்தா கெண்டைக்கால் இழுக்கும், விரல் மரத்துப் போகும். சோடியம் ஏறினதும் எல்லாம் சரின்னு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்கன்னா ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. பிரஷர் மாத்திரையை எப்பத் திரும்ப ஆரம்பிக்கணும்ங்கிறதையும் எழுதி வாங்கிக்கோங்க.

குண்டாறு:

மெக்னீசியம் பார்க்கலை. இப்ப டியூட்டி டாக்டர்கிட்ட கேட்கிறேன்.